ஜாஸ் சாயலில் கிளாசிக்கல் பியானோ: எந்தப் பீஸ், எங்க எடுக்கிறது, எப்பிடி வாசிக்கிறது?

கல்முனைக்குயில் (கல்முனை)

எல்லாருக்கும் வணக்கம். கிரேட் ஏழு வரைக்கும் கிளாசிக்கல்தான் படிச்சன். பாக், மோசார்ட், ஷோபான் எண்டு நோட்ஸ் பாத்து வாசிக்கிறதில பிரச்சினை இல்ல. ஆனா மெலடியும் மேல கோர்ட் பேரும் மட்டும் போட்ட லீட் ஷீட்ட முன்னுக்கு வச்சா இடது கை என்ன செய்யிறது எண்டே தெரியாம நிக்குது.

ஜாஸ் கேக்க அவ்வளவு விருப்பம். இஞ்ச பக்கத்தில படிப்பிக்க ஆள் இல்ல. அதனால ரெண்டு விஷயம் கேக்கிறன். ஒண்டு, ஒவ்வொரு நோட்டும் முழுக்க எழுதியிருக்கிற, ஆனா ஜாஸ் மாதிரி கேக்கிற பீஸ்கள் எது, எந்த ஒழுங்கில எடுக்கலாம்? மற்றது, டிசம்பர்ல எங்கட சேர்ச் ஒளிவிழாவுக்கு ஒரு கரோல ஜாஸ் ஹார்மனியோட வாசிக்க ஆசை. இணையத்தில இருக்கிற அரேன்ஜ்மென்ட்டெல்லாம் ஒண்டில் மிச்சம் லேசு, இல்லாட்டி கை எட்டாது. நானே எழுதலாமா, எங்க தொடங்கிறது?

வீட்டில 88 கீ டிஜிட்டல் இருக்கு. சேர்ச்சில பழைய அப்ரைட்.

ஆரையூரான் (ஆரையம்பதி)

தங்கச்சி, மனசில பட்டதச் சொல்றன், கோவிக்க வேணாம். எழுதிவச்சத அப்பிடியே வாசிச்சா அது ஜாஸ் இல்ல. ஜாஸ் எண்டா அந்த நேரத்தில பிறக்கிற இசை. நீங்க தேடவேண்டியது ஸ்கோர் இல்ல, பன்னிரண்டு பார் (தாளக் கட்டு) சுத்திச் சுத்தி வாற புளூஸ். எஃப் கீயில மூணு கோர்ட், ஒரு புளூஸ் ஸ்கேல், அவ்வளவுதான். கண்ண மூடிக்கொண்டு வாசிச்சுப் பாருங்க. நோட்ஸ்ல தொங்கிக்கொண்டிருந்தா காது திறக்காது.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

ஆரையூரான் தம்பி சொல்ற புளூஸ் பயிற்சி அவசியமானதுதான். ஆனால் எழுதி வாசித்தால் ஜாஸ் இல்லை, ஆகவே அதைத் தேடாதே என்பதை நான் ஏற்கமாட்டேன். பியானோ படிப்பிக்கிற எனக்கு, கிரேட் ஆறு ஏழு தாண்டின பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவது பழக்கம். நோட்ஸ் வாசிக்கிற திறமையை எறிந்துவிட்டு வா என்று அவர்களுக்குச் சொன்னால், பாதிப் பேர் ஜாஸையே விட்டுவிடுவார்கள். கையில் இருக்கிற திறமையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற வழிதான் இந்த எழுதப்பட்ட இசை.

நிகோலாய் கபுஸ்தினைப் பாருங்கள். 1937இல் உக்ரைனில் ஹோர்லிவ்காவில் பிறந்தவர், 2020இல் மொஸ்கோவில் காலமானார். மொஸ்கோ கன்சர்வேட்டரியில் கோல்டன்வைசரிடம் படித்த முழுமையான கிளாசிக்கல் பியானோக் கலைஞர். பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஓலெக் லுண்ட்ஸ்ட்ரெமின் பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுவில் வாசித்தார். அவருடைய இசையைக் கண்ணை மூடிக் கேட்டால் ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீட்டர்சன் அந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பதுபோல இருக்கும். ஆனால் ஒரு ஸ்வரம்கூடத் தற்செயல் இல்லை, எல்லாம் எழுதப்பட்டது. தான் ஜாஸ் கலைஞன் இல்லை, மனோதர்மமாக வாசிப்பதில் தனக்கு ஈடுபாடு இல்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நமது கீர்த்தனைகளிலும் சங்கதிகள் பல ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கற்பனையில் வந்து, பிறகு பாடமாக நிலைத்தவைதானே. பாடமாக நிலைத்ததால் அதைச் சங்கீதம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

இனி, தங்கச்சி கேட்ட ஒழுங்கு.

முதலில் ஸ்கொட் ஜோப்ளின். அவருடைய ராக்டைம் ஜாஸுக்கு முந்தியது. ஆனாலும் இடது கை பாஸுக்கும் கோர்டுக்கும் தாவுகிற அந்தப் பழக்கம் வராமல் மேலே போனால் கஷ்டப்படுவீர்கள். எல்லோரும் 1899இல் வந்த 'மேப்பிள் லீஃப் ராக்'கைத்தான் எடுப்பார்கள். நான் 1909இல் வந்த 'சொலஸ்' எடுக்கச் சொல்வேன். மெதுவானது, ஹபனேரா என்ற நடனத் தாளத்தில் பாஸ், உங்கள் ஷோபான் கைக்கு உடனே படியும். ஜோப்ளின் தன் நோட்ஸிலேயே, ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியில்லை என்று அச்சடிக்க வைத்தார். அதைக் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது டெபுசி. 1908இல் வந்த 'சில்ட்ரன்ஸ் கோர்னர்' தொகுப்பின் கடைசிப் பீஸ், 'கொலிவொக்ஸ் கேக்வோக்'. மகளுக்காக எழுதினது. நடுப்பகுதியில் வாக்னருடைய 'டிரிஸ்டான்' ஒபெராவின் தொடக்கம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு சின்கோபேஷன் (அடிக்கு இடையில் விழுகிற அழுத்தம்) என்றால் என்ன என்று உடம்பில் ஏற இதைவிட நல்ல பீஸ் குறைவு.

அதற்குப் பிறகு கெர்ஷ்வினின் மூன்று பிரிலூட். இதில் கொஞ்சம் நின்று சொல்லவேணும். 1926 டிசம்பரில் நியூயோர்க்கில் அவரே முதல் தடவை வாசித்தார். நடுவில் இருக்கிற சி ஷார்ப் மைனர் பிரிலூட் ஒரு புளூஸ் தாலாட்டு. அவரே அப்படித்தான் அதைச் சொன்னார். கிரேட் ஏழு கைக்கு அது வரும். முதலாவது பி பிளாட் மேஜரில், இடது கை மூன்று, மூன்று, இரண்டு என்று எட்டைப் பிரித்துக்கொண்டு போகும். மூன்றாவதைக் கடைசியாக எடுங்கள்.

கெர்ஷ்வினின் 'சோங் புக்' 1932இல் வந்தது. பதினெட்டுப் பாட்டு. ஒவ்வொன்றையும் முதலில் சாதாரணமாக அச்சிட்டு, பின்னால் அதே பாட்டைத் தான் எப்படி வாசிப்பேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அரேன்ஜ்மென்ட் எழுத ஆசைப்படுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் கிடைக்காது. இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எங்கே மெலடியைத் தொடவில்லை, எங்கே உள்குரல் ஒன்றை அரை ஸ்வரமாக இறக்குகிறார், எங்கே சும்மா விடுகிறார். முன்னுரையில், இந்த இசைக்குப் பெடலை அளவுக்கு மிஞ்சி மிதிக்காதீர்கள், தாளம் வெட்டி வெட்டிக் கேட்கவேணும் என்கிறார். கிளாசிக்கல் பிள்ளைகள் எல்லோரும் முதலில் மாற்றவேண்டியது இதைத்தான்.

எர்வின் ஷுல்ஹொஃப் என்று ஒரு செக் இசையமைப்பாளர். 1926இல் ஐந்து ஜாஸ் எட்யூட், அடுத்த வருஷம் 'எஸ்கிஸ் த ஜாஸ்' என்ற ஆறு சின்னப் பீஸ் எழுதினார். அந்த ஆறும் உங்கள் கைக்கு அளவு: ராக், பொஸ்டன், டாங்கோ, புளூஸ், சார்ல்ஸ்டன், பிளாக் பொட்டம். நாஜிகள் பிடித்துக்கொண்டு போய் 1942இல் வூல்ட்ஸ்பேர்க் தடுப்பு முகாமில் காசநோயால் இறந்தார். இவ்வளவு உயிருள்ள இசையை எழுதினவரின் பெயர் இங்கே ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்காது. தயவுசெய்து வாசியுங்கள்.

கபுஸ்தின் கடைசியில். ஓபஸ் 40, எட்டு கொன்சர்ட் எட்யூட், 1984. கேட்டவுடன் ஆசை வரும், ஆனால் இப்போது தொடவேண்டாம். ஓபஸ் 53, ஜாஸ் பாணியில் 24 பிரிலூட், 1988. அதில் மெதுவான ஒன்றைத் தேர்ந்து தொடங்கலாம்.

இவ்வளவும் பெரிதாகத் தெரிந்தால் கிறிஸ்டோபர் நோர்டனின் 'மைக்ரோஜாஸ்' புத்தகங்கள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுடையது என்று ஒதுக்காதீர்கள். ஸ்விங் பழக ஒரு பக்கப் பீஸ்தான் வசதி.

கல்முனைக்குயில்

மிஸ், எவ்வளவு நன்றி எண்டு சொல்லத் தெரியல. ஒரு சந்தேகம். ஸ்விங் எண்டு மேல எழுதியிருந்தா எட்டாம் நோட்டுகள நீளம்-குட்டை எண்டு வாசிக்கவேணும், அது தெரியும். ஆனா நான் வாசிச்சா குதிரை ஓடுற சத்தம்தான் வருது. என்ன செய்யிறது?

வாவிக்கரை

நீங்கள் அதைக் கணக்காக வாசிக்கிறீர்கள், அதனால்தான். மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கு முதலுக்கு, ஒரு பங்கு மற்றதற்கு என்பது நடுத்தர வேகத்துக்கு ஓரளவு பொருந்தும். வேகம் கூடக்கூட இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். மெதுவான பாட்டில் இன்னும் இழுத்து வாசிப்பவர்களும் உண்டு. புத்தகத்தில் ஒரே ஒரு வரி போட்டிருப்பார்கள், அதை வைத்துக்கொண்டு எல்லா வேகத்துக்கும் ஒரே அளவில் வாசித்தால் குதிரைதான் வரும்.

இன்னொன்று, அழுத்தம். கிளாசிக்கலில் அடியில் விழுகிற ஸ்வரத்துக்குப் பாரம் கொடுத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே அடிக்கு இடையில் வருகிற குட்டை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் பாரம் கொடுத்து, அதை அடுத்த அடிக்கு லெகாட்டோவாக ஒட்டிவிடுங்கள். சி மேஜர் ஸ்கேலை மட்டும் இப்படி ஏறி இறங்கி வாசியுங்கள். மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அந்தச் சத்தம் இரண்டாவது, நாலாவது அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது அடியை நீங்களே உள்ளே உணரவேண்டும். முதல் நாள் தடுமாறும். விடாதீர்கள்.

ஜோப்ளினுக்கும் டெபுசிக்கும் ஸ்விங் போடக்கூடாது. அவை நேர் எட்டாம், பதினாறாம் ஸ்வரங்கள். கபுஸ்தினின் முதல் எட்யூட்டும் அப்படித்தான் நேராகப் போகும். எங்கே ஸ்விங், எங்கே நேர் என்பதை ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் தீர்மானிக்கவேண்டும். கெர்ஷ்வின் தன் பிரிலூட்களை 1928இல் தானே வாசித்துப் பதிந்திருக்கிறார். சி ஷார்ப் மைனர் பிரிலூட்டைத் தொடுவதற்கு முன் அதைக் கேளுங்கள். இப்போது பலர் வாசிப்பதைப்போல அவர் இழுத்து உருகுவதில்லை. நடந்துகொண்டே இருக்கும்.

அறுகம்பை_இரவு (பொத்துவில்)

சீசன் நேரம் அறுகம்பை ஹோட்டல்கள்ல கீபோர்ட் வாசிக்கிறன். என்ர கையில இருக்கிறது முழுக்க லீட் ஷீட்தான், ஆனபடியா தங்கச்சியின்ர மற்றப் பிரச்சினைக்கு வாறன்.

இடது கை என்ன செய்யும் எண்டு கேட்டீங்க. ரெண்டு நோட்டு மட்டும் பிடியுங்க: கோர்டின்ர ரூட்ல (அடி நோட்டில) இருந்து எண்ணி மூன்றாவதும் ஏழாவதும். டி மைனர் 7 எண்டா எஃப், சி. ஜி 7 எண்டா எஃப், பி. பாருங்க, எஃப் அசையவே இல்ல, சி மட்டும் பிக்கு ஒரு அரைப்படி இறங்கினது. அடுத்தது சி மேஜர் 7 எண்டா இ, பி. இப்ப பி அசையல்ல, எஃப் இக்கு இறங்கினது. ஜாஸ் ஹார்மனியில பாதி இந்த ரெண்டு குரலும் மாறி மாறி இறங்கிறதுதான். இத பன்னிரண்டு கீயிலயும் கொண்டுபோங்க. ரூட் நோட்ட பாஸ் வாசிக்கிறவர் பாத்துக்கொள்ளுவார், தனிய வாசிச்சா முதல் அடியில கீழ தட்டிவிட்டு மேல வாங்க.

இன்னொரு விஷயம், இது எங்கட ஆக்களுக்குச் சொல்லியே ஆகவேணும். ராகம் தெரிஞ்ச ஆளுக்கு மோடல் ஜாஸ், அதாவது கோர்ட் அடிக்கடி மாத்தாம ஒரு ஸ்கேல்லயே நிண்டு வாசிக்கிறது, புதுசு இல்ல. மைல்ஸ் டேவிஸ்ர 'கைண்ட் ஒஃப் புளூ' 1959ல வந்தது. அதில 'சோ வொட்' எண்ட பீஸ் டி டோரியன்ல போகும். டோரியன் எண்டா சட்ஜமத்த டியில வச்ச கரகரப்பிரியா. முப்பத்திரண்டு பார்ல நடுவில எட்டு பார் மட்டும் அரைப்படி மேல ஏறித் திரும்பி வரும். ஹரிகாம்போதி மிக்சோலிடியன், ஏழாம் கோர்டுக்கு மேல அப்பிடியே இருக்கும். கல்யாணி லிடியன். எஃப் மேஜர் 7 பிடிச்சிட்டு, எஃப்ல இருந்து வெள்ளைக் கட்டைகள மட்டும் வாசிச்சுப் பாருங்க, பிரதி மத்திமம் என்ன அழகா மிதக்குது எண்டு.

சினிமாப் பாட்டு அரேன்ஜ் பண்றவங்க கவனிக்கவேண்டியது, கோர்ட நிரப்பாதீங்க. எங்கட மெலடியில வளைவு இருக்கு, பியானோவில அந்த வளைவு வராது. கீழ கனமான கோர்ட் போட்டா மிச்சம் இருக்கிற வளைவும் செத்துப்போகும். ரெண்டு நோட்டு, சில இடத்தில ஒரே ஒரு நோட்டு. மெலடிக்கு இடம் விடுங்க.

டச்பார்_பிடில் (மட்டக்களப்பு)

இந்த இழையப் பாத்து மனசு நிறைஞ்சுபோச்சு. நான் பறங்கி ஆள், டச்பார். எங்கட கலியாணங்கள்ல கப்ரிஞ்ஞா எண்ட ஆட்ட இசை வாசிக்கிற வயலின் எங்கட குடும்பத்தில இருந்துதான் போகும். வயலின், கிட்டார், ரபான் (கைமேளம்), பழைய போர்த்துக்கேயப் பாட்டு. அந்த ஆறு எட்டுத் தாளத்தில ஒரு சரிவு இருக்கு. மூணு மூணா எண்ணிக்கொண்டு போய் திடீரெண்டு ரெண்டு ரெண்டா விழும். எழுதினா சாதாரண ஆறு எட்டுதான். வாசிக்கிற ஆளிட்ட இருந்து காதால வாங்கினாத்தான் கால் எழும்பும்.

ஸ்விங் வரல்ல எண்டு சொல்ற பிள்ளைக்கு நான் சொல்றது: உங்கட ஊர்ல தாளம் தெரிஞ்ச ஆளோட ஒரு நாள் இருங்க. வசந்தன் கூத்து ஆடுறவங்கட கோலாட்டச் சத்தமோ, ரபானோ, எதுவா இருந்தாலும் சரி. பியானோவ மூடிட்டு முதல்ல கைதட்டுங்க.

இன்னொண்டும் சொல்லத் தோணுது. புனித மைக்கேல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார்ல கனபேர் நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்தில இருந்து வந்தவங்க. வெபர் மைதானத்துக்குப் பேர் குடுத்த வெபர் சுவாமியும் அவங்கள்ல ஒராள். ஜாஸ் பிறந்த ஊருக்கும் எங்கட வாவிக்கும் இப்பிடி ஒரு தொடர்பு இருந்திருக்கு எண்டு நினைக்கவே எனக்கு ஒரு சந்தோஷம். அவங்க இஞ்ச கூடுதலாக் குடுத்தது பாஸ்கட்போல்தான், அது வேற கதை.

ஆரையூரான்

வாவிக்கரை மிஸ், நீங்க சொன்ன கீர்த்தனை உதாரணத்த யோசிச்சன். ஏற்றுக்கொள்றன், ஆனா ஒரு நிபந்தனையோட. சங்கதி படிச்ச பிள்ளை ஒரு கட்டத்தில கல்பனாஸ்வரமும் பாடத்தானே வேணும்? அப்ப கபுஸ்தின் வாசிக்கிற பிள்ளையும் ஒரு நாள் தானா எட்டு பார் வாசிக்கவேணும். அந்தப் பக்கம் கொண்டுபோற பாலமா ஒரு பீஸ் சொல்றன்.

ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவான்ஸ், 'பீஸ் பீஸ்' (Peace Piece), 1958. இடது கை முழுக்க ரெண்டே ரெண்டு கோர்ட், சி மேஜர் 7, அடுத்தது ஜி 9 சஸ் (மூன்றாவது நோட்டுக்குப் பதிலா நாலாவது). ஆரம்பத்தில இருந்து கடைசி வரைக்கும் அதேதான். வலது கை முதல்ல எளிமையாத் தொடங்கி, போகப்போக கீயை விட்டு வெளிய பறக்கும். ஷோபான் வாசிக்கிறீங்க எண்டா அவர்ட 'பெர்சூஸ்', ஓபஸ் 57 தெரிஞ்சிருக்கும். அதிலயும் இடது கை ஒரே அசைவுதான், மேல வலது கை மாறிக்கொண்டே போகும். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. பிறகு எவான்ஸ்ட இடது கையை மட்டும் வச்சுக்கொண்டு, வலது கைக்கு வெள்ளைக் கட்டையில நீங்களா ஒரு மெலடி வாசியுங்க. பிழையா விழுற நோட்டே இல்ல. இது எல்லாம் எழுதி வாசிக்கிற ஆளுக்கு மிச்சம் பயமில்லாத முதல் படி.

ஒஸ்கார் பீட்டர்சன் மாணவர்களுக்காக எழுதின பயிற்சிப் புத்தகமும் இருக்கு. எக்ஸசைஸ், மினுவெட், எட்யூட் எண்டு வரும். பாக் இன்வென்ஷன் வாசிச்ச கைக்கு அது உடனே பேசும்.

வாவிக்கரை

தம்பி, அந்த நிபந்தனைக்கு நான் முழுச் சம்மதம். இனிமேல் என் பிள்ளைகளுக்கும் 'பீஸ் பீஸ்' இடது கையைக் கொடுக்கப்போகிறேன்.

அக்கரை_நானா (அக்கரைப்பற்று)

சலாம், வணக்கம். நான் பியானோ, ஹார்மோனியம் திருத்துற ஆள். ஸ்கோர் எடுக்கிற கதைய ஒருத்தரும் சொல்லல்லையே, அதச் சொல்லிட்டுப் போறன்.

நம்மட நாட்டுச் சட்டத்துல, 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டம், எழுதினவர் மவுத்தாகி 70 வருஷம் வரைக்கும் உரிமை இரிக்கி. ஜோப்ளின் 1917, டெபுசி 1918, கெர்ஷ்வின் 1937, ஷுல்ஹொஃப் 1942. இவங்கட பியானோ இசையெல்லாம் காலம் முடிஞ்சது, ஐஎம்எஸ்எல்பி எண்ட இசை நோட்ஸ் இணையத்தளத்துல பழைய பதிப்புகள இலவசமா இறக்கலாம். கபுஸ்தின் 2020லதான் போனாரு. அவர்ட நோட்ஸ காசு குடுத்துத்தான் எடுக்கணும். ஷொட் பதிப்பகம் போடுது, டிஜிட்டலாவும் வாங்கலாம், கப்பல் செலவு இல்ல. ஆரோ ஏத்தி வச்ச களவுப் பிரதிய எடுக்காதீங்க தங்கச்சி. பிழை நோட்டும் அதுலதான் கூட.

அடுத்தது அந்த சேர்ச் அப்ரைட். ஒளிவிழா டிசம்பர்லதானே, மாரி மழை நடுவுல. ஈரம் குடிச்சு கீ எழும்பாது, ஒரு கீய அமத்தினா பக்கத்துக் கீயும் சேந்து போகும். ஜாஸ்ல ஒரே நோட்ட திருப்பித் திருப்பித் தட்டுற இடமெல்லாம் அந்த நேரம் சிக்கும். ஒக்டோபர்லயே ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. கீழ்ப்பலகைக்கு உள்ள சின்ன பல்ப் ஒண்டு போட்டு வைக்கிறது பழைய முறை, அந்தச் சூட்டுல ஈரம் குறையும். பலகையிலயும் துணியிலயும் படாமப் பாத்துப் போடணும். கடல் பக்கம் எண்டா கம்பி துரு பிடிக்கிறதும் இரிக்கி, அத ஒரேயடியா இழுத்து ட்யூன் பண்ணினா அறுந்துரும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தச் சொல்லுங்க.

கல்முனைக்குயில்

நானா, கட்டாயம் சொல்லிவிடுறன் சேர்ச்சில. பிரசங்கியார் நல்லவர், கேப்பார்.

'சொலஸ்' இறக்கிட்டன், கெர்ஷ்வின் ரெண்டாவது பிரிலூட்டும் பிரின்ட் எடுத்தாச்சு. அதில இடது கையில விரிஞ்ச கோர்டுகள் என்ர கைக்கு எட்டுதில்ல.

கரோலுக்கு சைலண்ட் நைட் எடுக்கலாம் எண்டு நினைக்கிறன். எங்க கோர்ட் மாத்தலாம் எண்டு ஒரு உதாரணம் காட்டுவீங்களா மிஸ்?

வாவிக்கரை

எட்டாத கோர்டுக்கு: கீழ் ஸ்வரத்தை அடிக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டு, பெடலில் பிடித்துக்கொண்டு மேல் ஸ்வரத்தை அடியில் வையுங்கள். மெலடியோடு சேரவேண்டியது மேல் ஸ்வரம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உருட்டுங்கள். ஒன்றை உருட்டி ஒன்றை உருட்டாமல் விட்டால் நடை நொண்டும்.

சைலண்ட் நைட் நல்ல தெரிவு. க்ரூபர் 1818இல் அமைத்த மெட்டு, உரிமைப் பிரச்சினை கிடையாது. சி கீயில் வைத்துச் சொல்கிறேன். ஜாஸ் வால்ட்ஸாக மூன்று அடியில் எழுதினால் மொத்தம் 24 பார்.

முதல் நாலு பாரில் ஒன்றும் மாற்றாதீர்கள். சி மேஜர் மட்டும், சன்னமாக. சபை தனக்குத் தெரிந்த பாட்டு என்று முதலில் உணரவேண்டும்.

ஐந்தாவது பாரில் மெலடி டி, ஆறாவதில் பி. புத்தகத்தில் இரண்டுக்கும் ஜி 7 இருக்கும். ஐந்தாவதை டி மைனர் 7 ஆக்குங்கள், ஆறாவதை ஜி 7 ஆகவே விடுங்கள். ஆறாவதில் மெலடியே மூன்றாவது ஸ்வரமான பியைப் பாடுகிறது. ஆகவே அதை இடது கையில் திரும்பப் பிடிக்கவேண்டாம். இடது கைக்கு ஜியும் எஃபும், வலது கையில் மெலடிக்குக் கீழே இ. அந்த இ, ஜியிலிருந்து எண்ணினால் பதின்மூன்றாவது ஸ்வரம். அந்த ஒரு ஸ்வரத்திலேயே நிறம் மாறிவிடும்.

ஏழாவது பார், மெலடி சி: ஏ மைனர் 7. எட்டாவது பார், மெலடி ஜி: இங்கேதான் என் மனதுக்குப் பிடித்த இடம். முதல் இரண்டு அடி ஜி மைனர் 7, மூன்றாவது அடி சி 7. முதல் தடவையாக பி பிளாட் வருகிறது. பாடுகிறவர்கள் அதே ஜியில்தான் நிற்கிறார்கள், கீழே தரை மெல்ல நகர்ந்து ஒன்பதாவது பாரில் எஃப் மேஜர் 7க்குக் கொண்டுபோய் விடுகிறது.

பதினோராவது பார் இ மைனர் 7, பன்னிரண்டாவது ஏ 7, பதின்மூன்றாவதில் புத்தகத்தின் எஃபுக்குப் பதிலாக டி மைனர் 7. பிறகு கடைசி வரைக்கும் புத்தகத்தில் உள்ளபடியே போங்கள். எல்லா இடத்தையும் மாற்றினால் மாற்றினதே தெரியாது.

முடிவில் மெலடி சியில் நிற்கும். அங்கே மேஜர் 7 வேண்டாம். பி பக்கத்தில் இருந்து உரசும். சி, இ, ஜியோடு ஏயும் டியும் சேருங்கள்.

கல்முனைக்குயில்

மிஸ்! இப்ப வாசிச்சுப் பாத்தன். எட்டாவது பார் வரேக்க அம்மா குசினியில இருந்து வந்து நிண்டு கேட்டா.

ஒரு சிக்கல். குவயர் நாலு குரல்ல பாடுறாங்க, பாட்டுப் புத்தகத்தில உள்ள ஹார்மனியோட. நான் ஜி மைனர் 7 பிடிச்சா பாஸ் குரல் சியிலயும் டெனர் இயிலயும் நிக்குமே?

அறுகம்பை_இரவு

சரியாப் பிடிச்சீங்க. அந்த இடத்தில மோதும். வழி இருக்கு: முதல் சரணம் புத்தகத்தில உள்ளபடியே நாலு குரல், நீங்களும் அப்பிடியே வாசியுங்க. ரெண்டாவது சரணத்த எல்லாரும் மெலடி மட்டும் பாடச் சொல்லுங்க, ஆம்பிளையள் ஒரு ஒக்டேவ் கீழ. அப்ப மிஸ் தந்த கோர்ட் முழுக்க உங்கட கையில. மூணாவது சரணம் திரும்ப நாலு குரல். முன்னுக்கு அறிமுகமா அஞ்சாவது பார்ல இருந்து எட்டாவது வரைக்கும் தனிய வாசிச்சா, ரெண்டாவது சரணத்தில அது வரேக்க சபைக்குக் காது பழகியிருக்கும். அறிமுகத்தில மட்டும் எட்டாவது பார ஜி 7ல முடியுங்க, இல்லாட்டி குவயர் எஃப்ல தொடங்கிரும்.

புத்தகம் எந்தக் கீ?

கல்முனைக்குயில்

பி பிளாட் அண்ணா.

அறுகம்பை_இரவு

அப்ப எல்லாத்தையும் ஒரு முழுப்படி இறக்குங்க. அஞ்சாவது பார் சி மைனர் 7, ஆறாவது எஃப் 7, ஏழாவது ஜி மைனர் 7. எட்டாவதில எஃப் மைனர் 7, பிறகு பி பிளாட் 7. ஒன்பதாவது இ பிளாட் மேஜர் 7. பதினோராவது டி மைனர் 7, பன்னிரண்டாவது ஜி 7, பதின்மூன்றாவது சி மைனர் 7. அறிமுகத்தின்ர எட்டாவது பார் எஃப் 7. கடைசிக் கோர்ட் பி பிளாட்டோட ஜியும் சியும். ஒத்திகையில முதல்ல ரெண்டாவது சரணத்த எடுங்க, ஒரே குரல்ல பாடச் சம்மதம் வாங்கவேண்டியது அதுக்குத்தான்.